ஊர் மக்களோடு சேர்ந்து டிஜிட்டல் கற்றலை ஆராய்வது எப்படி: முதன்முறை இறங்குவோருக்கு

செஞ்சிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில், கைப்பேசி வழியாக யார், எப்போது, எதைக் கற்கிறார்கள் என்பதை அந்த ஊர்ப் பெண்களோடும் பிள்ளைகளோடும் சேர்ந்து ஆராய்வதற்கு ஒன்பது மாதம் போதும் என்று கணக்கிட்டிருந்தேன். பதினேழு மாதம் ஆயிற்று. கூடுதலாகப் போன எட்டு மாதத்தில் ஐந்து மாதம் தாள்களுக்கே போயிற்று: தவறான இடத்தில் கேட்ட அனுமதி, திரும்பி வந்த ஒப்புதல் படிவங்கள், தணிக்கையில் நின்றுபோன செலவுச் சீட்டுகள். முனைவர் பட்ட மாணவராகவோ தொண்டு நிறுவனப் பணியாளராகவோ இத்தகைய ஆய்வில் இறங்கும் உங்களுக்கு அந்த ஐந்து மாதமாவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

எதைக் கேட்பது, எப்படிக் கேட்பது, கிடைத்ததை எப்படிப் புரிந்துகொள்வது ஆகிய மூன்றிலும் ஊர் மக்களுக்கு முடிவெடுக்கும் இடம் இருந்தால்தான் அதைப் பங்கேற்பு ஆய்வு என்று சொல்ல முடியும். இந்த ஒரு நிபந்தனையால் ஆவணங்களும் செலவும் காலமும் வழக்கமான கள ஆய்விலிருந்து மாறிவிடுகின்றன. அதை உணராமல் வழக்கமான ஆய்வுக்கான தாள்களைத் தயாரித்ததுதான் நான் செய்த முதல் தவறு.

1. விண்ணப்பம் எழுதும் முன் ஊருக்குப் போய் வாருங்கள்

நான் 42 கேள்விகள் கொண்ட படிவத்தோடு போனேன். பிள்ளைகள் எந்தச் செயலியில் படிக்கிறார்கள், எந்தப் பாடம், ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் என்பவையே அதில் பெரும்பகுதி. மகளிர் குழுக் கூட்டத்தில் நான்காவது கேள்வியை வாசித்தபோது ஓர் அம்மா, “ஃபோனே ஒம்போது மணிக்குத்தாம்மா வூட்டுக்கு வருது” என்றார். அவருடைய கணவர் கட்டட வேலைக்குப் போகிறவர். வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்ஃபோன் காலையில் அவரோடு போய் இரவில்தான் திரும்பும். வீட்டுப்பாடம் மாலை ஆறு மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்; ஃபோன் வரும் நேரத்தில் பிள்ளை தூங்கியிருக்கும். ஃபோன் வீட்டுக்கு எப்போது வருகிறது என்று என் 42 கேள்விகளில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. அவர் சொன்னதை இங்கே எழுதுவதற்கு அவரிடம் கேட்டு, சரி என்ற பிறகே எழுதுகிறேன்.

ஆகவே குறைந்தது மூன்று முறை படிவம் எதுவும் இல்லாமல் போய் வாருங்கள். மகளிர் குழு கூடும் நாளில் ஒரு முறை, மாலையில் நூலகம் திறந்திருக்கும் நேரத்தில் ஒரு முறை, பள்ளி விட்ட பிறகு பிள்ளைகள் சேரும் இடத்துக்கு ஒரு முறை. ஊரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவர் யாராவது இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள். 2021 அக்டோபரில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்தவர்களுக்கு, எந்த வீட்டில் ஃபோன் இருக்கிறது, எந்த வீட்டில் இருந்தும் பிள்ளை கையில் வராது என்பது தெரியும்.

இதில் ஒரு கவனம் தேவை. இந்தச் சந்திப்புகளை அறிமுகத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராமல் ஆய்வு நடக்குமா என்று பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு சரி என்பதற்கு முன் பதிவு செய்த எதையும் பின்னர் ஆய்வுத் தரவாகக் காட்ட முடியாது. ஆர்வத்தில் நான் பதிவு செய்த இரண்டு மணி நேரப் பேச்சை அழிக்க வேண்டியிருந்தது. அந்த ஆய்வின் மிகச் சிறந்த உரையாடல் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

2. இடம் யாருடையது என்று விசாரித்துவிட்டு அனுமதி கேளுங்கள்

ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதமும் ஊராட்சிச் செயலருக்கு அதன் நகலும் போதும். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலமாக இருந்தால் தனி அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போகாத அந்தக் கடிதத்தில் யார் நீங்கள், எத்தனை மாதம் வருவீர்கள், யாரோடு பேசுவீர்கள், ஊருக்கு என்ன திருப்பிக் கொடுப்பீர்கள் என்ற நான்கும் இருக்கட்டும்.

பிறகு கிராம சபையில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். சட்டப்படி இதற்குக் கட்டாயம் இல்லை. ஆனால் கிராம சபையில் முகம் காட்டாதவரை ஏதோ கணக்கெடுப்புக்கு வந்தவர் என்றே ஊர் நினைக்கும். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. நவம்பர் கூட்டத்தைத் தவறவிட்டால் அடுத்தது கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்துத்தான். தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதிகள் அமலில் இருந்தால் அந்தக் கூட்டமும் நடக்காது.

நூலகத்தைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அது யாருடைய நூலகம் என்று முதலில் கேளுங்கள். கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் பொது நூலகத் துறையைச் சேர்ந்தவை; அவற்றுக்கு மாவட்ட நூலக அலுவலரின் அனுமதி வேண்டும். அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட நூலகக் கட்டடங்கள் ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஊராட்சி நூலகத்துக்காக மாவட்ட நூலக அலுவலகத்துக்கு எழுதிவிட்டு ஆறு வாரம் பதிலுக்குக் காத்திருந்தேன். சாவி பக்கத்துத் தெருவில், ஊராட்சிச் செயலரிடம் இருந்தது.

அரசுப் பள்ளி வளாகத்துக்குள் போக வேண்டுமானால் தலைமையாசிரியரின் சம்மதம் மட்டும் போதாது. முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுத வேண்டும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச், ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு என்பதால் இந்த மாதங்களில் யாரும் உங்கள் கோப்பை எடுத்துப் பார்க்கமாட்டார்கள். பள்ளிக்கு வெளியே நடக்கும் கற்றல்தான் உங்கள் பொருள் என்றால் பள்ளிக்குப் போகாமலே இருப்பது நல்லது என்பது என் முடிவு. ஆசிரியர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் தேர்வுக்குப் பதில் சொல்வதுபோலவே பேசுகிறார்கள்.

மகளிர் குழுக்களோடு வேலை என்றால் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் பொறுப்பாளர்களிடம் பேசிவிட்டு, வட்டார அளவில் மகளிர் திட்ட அலுவலர்களுக்கும் ஒரு கடிதம் கொடுத்துவிடுங்கள். கூட்டத்தில், “இதில் சேர்ந்தால் கடன் கிடைக்கும் என்பதும் இல்லை, சேராவிட்டால் கடன் நிற்கும் என்பதும் இல்லை” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நான் அதைச் சொன்ன நாளில் இருவர் எழுந்து போனார்கள். அதன் பிறகு இருந்தவர்கள் விருப்பத்தோடு இருந்தவர்கள்.

எந்த அலுவலகமாக இருந்தாலும் கடிதத்தின் இரண்டாம் நகலில் நாளும் முத்திரையும் இட்டுப் பெறுகைக் கையொப்பம் வாங்காமல் திரும்பாதீர்கள். ஓர் அலுவலகத்தில் என் கடிதம் வரவே இல்லை என்றார்கள். என்னிடம் சான்று இல்லாததால் முதலிலிருந்து தொடங்கினேன்.

3. நெறிமுறைக் குழு விண்ணப்பத்தைக் கட்டம் கட்டமாக எழுதுங்கள்

பங்கேற்பு ஆய்வுக்காரர்கள் அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். கேட்கப்போகும் ஒவ்வொரு கேள்வியையும் முன்கூட்டியே காட்டும்படி நெறிமுறைக் குழு கேட்கும். கேள்வியை ஊர் மக்களோடு சேர்ந்து உருவாக்குவேன் என்பது உங்கள் நிலை. நான் 42 கேள்விகளையும் இணைத்து ஒப்புதல் வாங்கினேன். ஊரில் கேள்வி மாறியதும் திருத்த விண்ணப்பம் போட வேண்டியதாயிற்று. குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடுவது என்பதால் பதினோரு வாரம் களத்தில் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாம் முறை எழுதியது இப்படி: முதல் கட்டத்தில், ஊரிலிருந்தே ஆய்வில் சேரும் இணை ஆய்வாளர்களோடு உட்கார்ந்து கேள்விகளை உருவாக்குவோம், அந்தக் கேள்விகள் ஃபோன் யார் கையில் எப்போது இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது, கற்க எது தடையாகிறது என்ற எல்லைக்குள் இருக்கும், உடல்நலம், சாதி, கடன் குறித்து நாங்களாகக் கேட்கமாட்டோம், உருவான கேள்விகளைத் திருத்தமாகச் சமர்ப்பித்த பிறகே இரண்டாம் கட்டம் தொடங்கும். எல்லையைத் தெளிவாக எழுதியிருந்ததால் அந்தத் திருத்தத்தை முழுக் கூட்டத்துக்கு அனுப்பாமல் விரைவுப் பரிசீலனையில் முடித்துக் கொடுத்தார்கள். இதற்கு வழி உண்டா என்று விண்ணப்பிக்கும் முன்பே குழுவின் உறுப்பினர் செயலரிடம் கேட்டுவிடுங்கள். பிள்ளைகள் இடம்பெறும் ஆய்வின் முதல் விண்ணப்பம் பெரும்பாலும் முழுக் குழுவுக்கே போகும் என்பதால், குழு கூடும் நாளையும் தாள்களைக் கொடுக்க வேண்டிய கடைசி நாளையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இணைக்க வேண்டியவை: ஆய்வு முன்மொழிவு, தமிழிலும் ஆங்கிலத்திலும் தகவல் தாள், பெரியவர்களுக்கான ஒப்புதல் படிவம், பெற்றோர் ஒப்புதல் படிவம், பிள்ளை தானே சரி என்று சொல்வதற்கான சிறார் இசைவுப் படிவம், ஊராட்சி உள்ளிட்ட இடங்களின் அனுமதிக் கடிதங்கள், பங்கேற்பவர்களுக்கு எவ்வளவு பணம் எதற்காகக் கொடுக்கப்படும் என்ற விவரம், ஒலிப்பதிவுகள் எங்கே எத்தனை ஆண்டு வைக்கப்படும் என்ற குறிப்பு. மொழிபெயர்ப்பு சரியென்று மற்றொருவர் கையொப்பமிட்ட சான்றையும் கேட்கிறார்கள். கடைசியாகச் சொன்னதை நான் இணைக்காததால் என் விண்ணப்பம் ஒரு முறை திரும்பி வந்தது.

4. ஒப்புதல் படிவத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளையே பல குழுக்கள் சமூக ஆய்வுக்கும் அளவுகோலாக வைத்திருக்கின்றன. அதன்படி ஏழு வயதுக்குக் கீழ் பெற்றோரின் ஒப்புதல் போதும். ஏழு முதல் பன்னிரண்டு வரை பெற்றோர் முன்னிலையில் பிள்ளையின் வாய்மொழி இசைவும், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்து இசைவும் சேர்த்து வாங்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது உங்கள் குழுவைச் சேராத ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட வேண்டும். அந்தச் சாட்சி கணவராகவோ குழுத் தலைவியாகவோ இருக்க வேண்டாம். அவர்கள் முன்னால் ‘வேண்டாம்’ என்று சொல்வது எளிதல்ல.

என் முதல் படிவத்தில் “தரவுகளின் இரகசியத்தன்மை பேணப்படும்” என்று இருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது ஒருவருக்கும் விளங்கவில்லை. “நீங்கள் சொன்னதை உங்கள் பெயரோடு யாரிடமும் சொல்லமாட்டோம்” என்று மாற்றினேன். ஒலிப்பதிவு, புகைப்படம், அறிக்கையில் பெயர் போடுவது ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். பேச ஒப்பியவர் படத்துக்கு ஒப்பியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எட்டுப் பேர் கூடிப் பேசிய பதிவிலிருந்து ஒருவருடைய குரலைப் பின்னர் பிரித்து எடுக்க முடியாது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளிடம் “நீ சொல்வதை யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று முழு வாக்குறுதி கொடுக்காதீர்கள். பாலியல் தீங்கு நடந்தது தெரியவந்தால் புகாரளிக்க வேண்டியது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. ஃபோனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அதில் வந்த மிரட்டலைப் பற்றியும் பிள்ளை பேசக்கூடும். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, இணைய மோசடிக்கு 1930 ஆகியவற்றைத் தகவல் தாளின் அடியில் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிடுங்கள்.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிறையாத எல்லோரையும் பிள்ளைகளாகவே கொள்கிறது. ஆய்வுக்காகப் பிள்ளைகளின் பெயரில் எந்தச் செயலியிலும் கணக்குத் தொடங்காதீர்கள்.

5. இணை ஆய்வாளர்களும் அவர்களுக்கான பணமும்

ஊரிலிருந்து எட்டுப் பேரை இணை ஆய்வாளர்களாகச் சேர்த்துக்கொண்டேன்: மகளிர் குழுக்களிலிருந்து ஐவர், கல்லூரியில் படிக்கும் பெண்கள் இருவர், பொது இ-சேவை மையம் நடத்தும் இளைஞர் ஒருவர். ஊர்த் தெருவில் மட்டும் ஆள் எடுத்துவிட்டுக் காலனியை விட்டுவிடாதீர்கள். கூடும் இடம் எல்லோரும் தயக்கமில்லாமல் வந்து உட்காரக்கூடிய இடமா என்று தனித்தனியாகக் கேட்டறியுங்கள். பொது இடத்தில் கேட்டால் ஒருவரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

அவர்களுடைய நேரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டும். மல்லாட்டை (வேர்க்கடலை) பறிக்கப் போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். நான் அரை நாள் அமர்வுக்கு 250 ரூபாய் கொடுத்தேன். கூலியை விடப் பல மடங்கு கொடுத்தால் பணத்துக்காகவே ஒப்பினார்கள் என்று நெறிமுறைக் குழு கேட்கும், அந்தக் கேள்வியும் நியாயமானதே.

என் கணக்கு இது: எட்டுப் பேருக்கு 24 அமர்வுகளுக்கு 48,000 ரூபாய், டீ, பலகாரத்துக்கு 9,600, நான்கு டேப்லெட்டுகளுக்கு ரீசார்ஜ் 18,200, ஒலிப்பதிவை எழுத்தாக்க 27,000, அச்சு, நகல் 6,000, என் பயணம் 14,000. மொத்தம் 1,22,800 ரூபாய். டேப்லெட்டுகள் இரவலாகக் கிடைத்ததால் இதில் சேரவில்லை. ரீசார்ஜ் திட்டங்கள் பெரும்பாலும் 28 நாளுக்கானவை என்பதால் ஆண்டுக்குப் பன்னிரண்டு முறை என்று எழுதாமல் பதின்மூன்று என்று எழுதுங்கள். பன்னிரண்டு என்று எழுதிய நான் கடைசி மாதத்துக்குக் கைப்பணம் போட்டேன். எழுத்தாக்கத்தையும் குறைத்து மதிப்பிடாதீர்கள். பலர் சேர்ந்து பேசிய ஒரு மணி நேரப் பதிவைத் தட்டச்சு செய்ய ஆறேழு மணி நேரம் ஆகிறது. இணையத்தில் தானாக எழுத்தாக்கித் தரும் சேவைகளில் பதிவை ஏற்றினால், ஒப்புதலில் சொல்லாத மூன்றாம் தரப்புக்குக் குரலைக் கொடுத்தவராவீர்கள்.

தணிக்கையில் நான் சிக்கியது செலவுச் சீட்டில். ஒவ்வொரு 250 ரூபாய்க்கும் ஆதார் நகல் வேண்டும் என்று என் நிறுவனத்தின் கணக்குப் பிரிவு கேட்டது. பெயரை மறைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஆதார் நகலைக் கோப்பில் வைப்பது பொருந்தாது என்று விளக்கி, குறியீட்டு எண்ணும் கையொப்பமும் கொண்ட வருகைப் பட்டியலை ஏற்க வைப்பதற்கு இரண்டு மாதம் ஆயிற்று. இதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மொத்தமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ரசீது வாங்கினால் ஒரு ரூபாய் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும். பணத்தை மகளிர் குழுவின் வங்கிக் கணக்கில் போடாதீர்கள்; கடன் தவணைக்குப் பிடித்துக்கொள்ளப்பட்டால் வேலை செய்தவர் கையில் ஒன்றும் வராது.

6. கருவிகளில் அதிகம் செலவழிக்காதீர்கள்

படிவத் தரவுக்குக் கோபோ டூல்பாக்ஸ் என்ற செயலி போதும். தமிழில் கேள்வி அமைக்கலாம், சிக்னல் இல்லாத இடத்திலும் நிரப்பலாம். இலவசக் கணக்கின் வரம்பைத் தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இணையமில்லாமல் தமிழ் விக்கிப்பீடியாவைப் படிக்கக் கிவிக்ஸ் என்ற செயலி உதவும்.

வாட்ஸ்அப் குழு மட்டும் வேண்டாம். நான் தொடங்கிய குழுவிலிருந்து ஒரு பெண்ணின் எண் வெளியே போய், தெரியாத ஒருவரிடமிருந்து அவருக்குச் செய்திகள் வரத் தொடங்கின. அன்றே குழுவைக் கலைத்துவிட்டு, ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாமல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் செய்தி போகும் பிராட்காஸ்ட் முறைக்கு மாறினேன். உங்கள் எண்ணை அவர்கள் தங்கள் ஃபோனில் சேமித்திருந்தால்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதால் முதல் அமர்விலேயே சேமிக்கச் சொல்லுங்கள்.

எங்களுக்கு அதிகம் உதவியது கோலமாவுதான். நூலகத் தரையில் பெரிய வட்டம் போட்டு, கடிகாரம்போல 24 மணி நேரமாகப் பிரித்தோம். ஃபோன் அப்பாவிடம் இருக்கும் மணிக்கு ஒரு மல்லாட்டைக் கொட்டை, அண்ணனிடம் இருந்தால் புளியங்கொட்டை, அம்மாவிடம் இருந்தால் ஒரு சோழி, படிக்கும் பெண் பிள்ளையிடம் இருந்தால் ஒரு பூ என்று வைத்துக்கொண்டே போனார்கள். பதினொரு வீடுகளுக்கு வைத்து முடித்தபோது பெண் பிள்ளைகளின் பூக்கள் இரவு ஒன்பதரைக்கும் பத்தரைக்கும் இடையில் மட்டுமே கிடந்தன. யாரும் சில நொடி பேசவில்லை. பிறகு கல்லூரி மாணவி ஒருவர் குனிந்து, காலை ஐந்து மணிக் கட்டத்தில் ஒரு பூவை வைத்து, “நான் அப்ப எழுந்துதான் படிச்சேன்” என்றார். அந்த வட்டத்திலிருந்துதான் எங்கள் இரண்டாம் கட்டக் கேள்விகள் அனைத்தும் பிறந்தன. அத்தகைய வட்டத்தை அழிப்பதற்கு முன் மேலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள். கால்களும் முகங்களும் படத்தில் விழ வேண்டாம்.

7. நாட்காட்டியை ஊரிடமிருந்து வாங்குங்கள்

அறுவடையும் களையெடுப்பும் இருக்கும் வாரங்களில் அமர்வு நடக்காது. ஆடியில் கூழ் ஊற்றும் வெள்ளி, ஞாயிறுகள் போய்விடும். நூறு நாள் வேலை நடக்கும் நாட்களில் பிற்பகலுக்குப் பிறகே பெண்கள் வருவார்கள். டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்பதும் முக்கியம். கட்டணமில்லாப் பயணம் இருந்தாலும் கடைசி பஸ் போய்விட்டால் பக்கத்துக் குக்கிராமத்துக்காரர் நடந்துதான் போக வேண்டும். அனுமதிக்கும் நெறிமுறை ஒப்புதலுக்கும் ஐந்து மாதம், கேள்வி உருவாக்க இரண்டு, கள வேலைக்கு நான்கு, சேர்ந்து பகுப்பாய்வு செய்ய மூன்று என்று பதினான்கு மாதம் கேளுங்கள். நிதி தருபவர் பன்னிரண்டுதான் தருவார் என்றால் அமர்வுகளையும் வீடுகளையும் குறைத்துக்கொள்ளுங்கள். பகுப்பாய்வுக்கான மூன்று மாதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

8. பகுப்பாய்வையும் ஊரிலேயே செய்யுங்கள்

நேரம் போதாதபோது எல்லோரும் முதலில் வெட்டுவது இதைத்தான். வெட்டினால் ஊர் மக்கள் தரவு சேகரித்துக் கொடுத்தவர்களாக மட்டுமே மிஞ்சுவார்கள். பெயர் நீக்கிய மேற்கோள்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் துண்டு துண்டாக வெட்டி, ஒத்தவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். ‘பெற்றோர் கட்டுப்பாடு’ என்று நான் தலைப்பிட்டிருந்த அடுக்கை அவர்கள் இரண்டாகப் பிரித்தார்கள்: ஒன்று பிள்ளை கெட்டுவிடுமோ என்ற பயம், மற்றொன்று டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற பயம். தனியாக உட்கார்ந்திருந்தால் அந்த வேறுபாட்டை நான் கண்டிருக்கமாட்டேன். ஊர் மிகச் சிறியது என்பதால் பெயரை நீக்கினாலும் பேச்சிலிருந்து ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட மேற்கோள்களை முன்னதாகவே எடுத்துவிடுங்கள்.

9. ஆங்கிலக் கட்டுரைக்கு முன் தமிழ் அறிக்கை

நான்கு பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதுங்கள். முதலில் இணை ஆய்வாளர்களிடம் படித்துக் காட்டி, நீக்கச் சொல்வதை நீக்கிவிட்டு, அடுத்த கிராம சபையில் அவர்களில் ஒருவரையே பேசச் சொல்லுங்கள். அச்சுக்கும் அந்த நாளுக்கும் சேர்த்து 3,000 ரூபாய் ஒதுக்குங்கள். என் திட்டத்தில் அது இல்லை, அச்சுச் செலவிலிருந்து எடுத்தேன். இணை ஆய்வாளர்களின் பெயரைக் கட்டுரையில் போடலாமா என்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள். எட்டில் ஆறு பேர் போடச் சொன்னார்கள். இருவர் வேண்டாம் என்றார்கள்.

டேப்லெட்டுகளையும் சார்ஜர்களையும் திருப்பிக் கொடுக்கும் முன் உள்ளே இருக்கும் பதிவுகளை அழித்து, அழித்ததை இரண்டு இணை ஆய்வாளர்களிடம் திறந்து காட்டி, நாளிட்டுக் கையொப்பம் வாங்கி, அந்தத் தாளின் ஒரு நகலை ஊராட்சி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.